திருடுபோன கிட்டாருக்குத் திரும்பும் வழி வேண்டும்

2024 டிசம்பர் 19-ம் தேதி இரவு, லண்டன் ஓ2 அரங்கில் பால் மெக்கார்ட்னியின் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. பீட்டில்ஸ் காலத்துத் தோழர் ரிங்கோ ஸ்டார் வந்து டிரம்ஸ் வாசித்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரோனி வுட் கிட்டாரோடு மேடை ஏறினார். ஆனால், மறுநாள் உலகம் பேசியது ஒரு பழைய பேஸ் கிட்டாரைப் பற்றி. வயலின் வடிவில் உடல் கொண்ட ஜெர்மானிய ஹோஃப்னர் அது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த மேடையும் அதைப் பார்த்ததில்லை. இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில் வாங்கிய வாத்தியத்தை 82 வயதில் மீண்டும் தோளில் மாட்டிக்கொண்டு மெக்கார்ட்னி வாசித்தார்.

1961-ல் ஹாம்பர்க் நகரத்தில் அவர் அதை வாங்கியபோது விலை சுமார் 30 பவுண்டு. ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் வாங்க ஏறக்குறைய 100 பவுண்டு வேண்டும். இரவு விடுதிகளில் விடிய விடிய வாசித்துச் சம்பாதித்த இளைஞரிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர் இடக்கைக்காரர். மற்ற கிட்டார்களைத் திருப்பிப் பிடித்தால் கோணலாகத் தெரியும். வயலின் உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இதில் அந்தச் சங்கடம் இல்லை. விலையும் கைவாக்கும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இந்த வாத்தியத்தில்தான் ‘லவ் மீ டூ’வும் ‘ஷீ லவ்ஸ் யூ’வும் பதிவாயின.

1972 அக்டோபர் 10-ம் தேதி இரவு, லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது திருடுபோனது. எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், அந்த வட்டாரத்து மதுக்கடைக்காரரிடம் சில பவுண்டுகளுக்கும் சில கோப்பை பியருக்கும் தள்ளிவிட்டார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, கடைசியில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் ஊரில் ஒரு வீட்டின் பரணில் போய்க் கிடந்தது.

இத்தனை காலமும் தேடியவர்கள் தேடிய திசையே தவறு. 1969-ல் ஸ்டூடியோ ஒன்றிலிருந்து அது காணாமல்போனது என்பதுதான் பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பிய கதை. ஹோஃப்னர் நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புள்ள நிக் வாஸும், ஸ்காட் ஜோன்ஸ், நவோமி ஜோன்ஸ் என்ற பத்திரிகையாளர் இணையரும் சேர்ந்து 2023-ல் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்கள். அதைப் பார்த்து, அன்று வேனை நிறுத்தியிருந்த ஒலிப் பொறியாளர் முன்வந்து நடந்ததைச் சொன்னார். தேதியும் தெருவும் சரியானதும் அரை நூற்றாண்டு முடிச்சு சில வாரங்களில் அவிழ்ந்தது. பரணில் இருப்பது என்ன என்று புரிந்துகொண்ட குடும்பமே மெக்கார்ட்னி தரப்பைத் தொடர்புகொண்டது. வாத்தியம் உடைந்திருந்தது. பழுது பார்த்தார்கள். அது அதுதான் என்று ஹோஃப்னர் உறுதி செய்தது. ஒரு கோடி பவுண்டு பெறும் என்று பத்திரிகைகள் மதிப்புப் போட்டன.

இந்தக் கதையை அதிசயம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அப்படி நகரக் கூடாது. கிட்டாரை மீட்டது காவல்துறையுமில்லை, நீதிமன்றமுமில்லை. ஒருவர் பயப்படாமல் உண்மையைச் சொன்னார். இன்னொருவர் பயப்படாமல் பரணைத் திறந்தார். அந்தப் பயமின்மையை எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

புகழ்பெற்ற கிட்டாரைத் திருடுகிறவர் பெரும் திட்டக்காரர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. 2012 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில், சுற்றுப்பயணத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த டாம் பெட்டியும் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவும் ஐந்து கிட்டார்களைப் பறிகொடுத்தார்கள். அவற்றில் ஒன்று பெட்டியின் 1967-ம் ஆண்டு ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு தந்திக் கிட்டார். சில நாட்களில் கைதானவர் அந்த வளாகத்தின் காவலாளி. ஒரு கிட்டாரை அவர் ஹாலிவுட் அடகுக்கடை ஒன்றில் வெறும் 250 டாலருக்குக் கொடுத்திருந்தார். திருடியவர் கையில் மெக்கார்ட்னியின் பேஸும் பெட்டியின் கிட்டாரும் பெயரற்ற மரத்துண்டுகள்தாம். எடுத்தவருக்கு மதிப்புத் தெரியாது. தெரிந்தாலும் அந்த மதிப்புக்கு விற்க முடியாது. அதனாலேயே இவை முதல் சில நாட்களில் சிக்காவிட்டால் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குக் கண்ணில் படுவதில்லை.

கிட்டார்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ள வசதி உள்ளவர்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சோனிக் யூத் குழுவுக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். 1999 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் பகுதியில் அந்தக் குழுவின் வாத்தியங்கள் இருந்த வாடகை லாரி அப்படியே காணாமல்போனது. அந்தக் கிட்டார்களில் பல, விலை மலிவானவை. குழுவினர் அவற்றைப் பிரித்து, மாற்றி, வழக்கத்தில் இல்லாத சுருதிகளில் கட்டி வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட பாட்டுக்குக் குறிப்பிட்ட கிட்டார். அது இல்லையென்றால் அந்தப் பாட்டை மேடையில் வாசிக்கவே முடியாது. லாரியோடு பாடல்களும் போயின. கையில் மிஞ்சிய பழைய சாமான்களை வைத்துக்கொண்டு அடுத்த ஆல்பத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. பின்னாளில் ரசிகர்களின் கண்ணில் பட்டு ஒன்றிரண்டாகச் சில திரும்பி வந்தன.

கனடாவின் கிட்டார் கலைஞர் ராண்டி பாக்மன் கதை இன்னும் விரிவாகச் சொல்லத் தகுந்தது. வின்னிபெக் நகரத்துச் சிறுவனாக இருந்தபோது, கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய ஆரஞ்சு நிற கிரெட்ச் கிட்டாரைப் பார்ப்பதற்காகவே அவர் போய் நிற்பாராம். அதே ஊர் நண்பர் நீல் யங்கும் கூட நிற்பார். புல் வெட்டியும் சில்லறை வேலைகள் பார்த்தும் 400 டாலர் சேர்த்து, 1957-ல் செய்யப்பட்ட கிரெட்ச் 6120 ஒன்றை பாக்மன் வாங்கினார். ‘அமெரிக்கன் வுமன்’, ‘டேக்கின் கேர் ஆஃப் பிசினஸ்’ போன்ற பாடல்கள் அதில் பிறந்தன. ஹோட்டல் அறைகளில் அதைச் சங்கிலியால் கட்டி வைக்கும் அளவுக்குக் கவனமாக இருந்தவர் அவர். 1976-ல் டொராண்டோவில் ஒரு ஹோட்டலில் சில நிமிடங்கள் கவனம் தப்பியது. கிட்டார் போய்விட்டது.

அதன் பிறகு அவர் வாங்கிக் குவித்த கிரெட்ச் கிட்டார்கள் முந்நூறுக்கும் மேல். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இது இல்லை என்று வைத்தவரின் மனதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2020-ல், ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த கனடிய ரசிகர் ஒருவர் பழைய புகைப்படங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். கிட்டாரின் முன்பக்க மரத்தில் ஒரு சிறிய கருங்கணு இருந்தது. மரத்தின் கணு மனிதனின் மச்சம் மாதிரி. இரண்டு கிட்டார்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் அமையாது. முகங்களை அடையாளம் காணும் மென்பொருளைக் கிட்டாருக்கு ஏற்ப மாற்றி, உலகெங்கும் கடைகள் விற்பனைக்குப் போட்ட கிரெட்ச் படங்களை அவர் சலித்தெடுத்தார். டோக்கியோ கடை ஒன்றின் பழைய விற்பனைப் படத்தில் அந்தக் கணு அகப்பட்டது. அதே கிட்டாரை ஒரு ஜப்பானிய இசைக்கலைஞர் வாசிக்கும் காணொளியும் கிடைத்தது. அவர் டகேஷி. திருட்டைப் பற்றி எதுவும் அறியாமல் 2014-ல் முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவர். அவருக்கும் அது உயிருக்கு உயிரான வாத்தியம்.

இங்கேதான் சிக்கலான கேள்வி வருகிறது. இருவரில் யாருடையது அது?

திருடனால் தன்னிடம் இல்லாத உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபின் அடிப்படை. நம் நாட்டின் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் அதே வழியில் நிற்கிறது. திருட்டு நகையை வாங்கிய அடகுக்கடைக்காரர் நகையையும் இழந்து பணத்தையும் இழந்து நிற்பதை நாம் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால், எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் அப்படி இல்லை. இங்கிலாந்திலேயே, பொதுச் சந்தையில் சூரியன் உதித்தபின் அடைவதற்குள் நேர்மையாக வாங்கிய பொருள், திருட்டுப் பொருளாக இருந்தாலும் வாங்கியவருக்கே சொந்தம் என்ற இடைக்கால விதி 1990-களின் நடுப்பகுதிவரை உயிரோடு இருந்தது. இன்றைக்கும் அந்த நாட்டின் 1980-ம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, திருடனுக்கு எந்தக் காலச் சலுகையும் கிடையாது என்றாலும், நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கி ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டால் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும். ஜப்பானிலோ, நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து திரும்பக் கேட்க உரிமையாளருக்கு இருப்பது திருட்டு நடந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள். கடையில் வாங்கியிருந்தால் அவர் கொடுத்த விலையையும் ஈடுசெய்ய வேண்டும். நியூயார்க்கில் இதற்கு நேர் எதிர்: உரிமையாளர் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த பிறகுதான் காலக்கெடுவே ஓடத் தொடங்கும்.

ஒரே கிட்டார் விமானம் ஏறி இறங்கும் ஊரைப் பொறுத்து அதன் சொந்தக்காரரும் மாறுகிறார் என்றால், சட்டத்தை மட்டும் நம்பி எந்தக் கலைஞரும் தன் வாத்தியத்தைத் திரும்பப் பெற முடியாது. 44 ஆண்டுகளுக்குப் பிறகு பாக்மன் ஜப்பானில் வழக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை.

அவர் வழக்குப் போடவில்லை. டகேஷி ஒரு கோரிக்கை வைத்தார்: இதற்கு ஈடாக இதே ஆண்டு, இதே நிறம், யாரும் கைவைத்து மாற்றாத இன்னொரு 6120 வேண்டும். பாக்மன் தேடினார். அதே வாரத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 2022 ஜூலை 1, கனடா நாள் அன்று, டோக்கியோவில் உள்ள கனடியத் தூதரகத்தில் இருவரும் கிட்டார்களை மாற்றிக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து வாசித்தார்கள்.

மாற்றுக் கொடுத்து மீட்பது புதிய வழியில்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் சிவப்பு லெஸ் பால் கிட்டாருக்கு ‘லூசி’ என்று பெயர். 1968-ல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாட்டில் கிளாப்டன் வாசித்ததும் அதில்தான். 1973-ல் ஹாரிசனின் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து அது திருடுபோனது. லாஸ் ஏஞ்சலிஸ் கடை ஒன்றின் வழியாக ஒரு மெக்ஸிகோ இசைக்கலைஞர் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். ஹாரிசன் அவரைத் தேடிப்பிடித்து, 1958-ம் ஆண்டு லெஸ் பால் ஒன்றையும் ஒரு ஃபெண்டர் பேஸையும் கொடுத்து லூசியை மீட்டார். தன்னுடைய பொருளுக்குத் தானே விலை கொடுப்பது அநியாயம்தான். ஆனாலும் கிட்டார் வீட்டுக்கு வந்தது. நேர்மையாக வாங்கியவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. காலம் கடந்த திருட்டுகளில் இதைவிடக் குறைந்த காயத்தோடு முடியும் வழி எதுவும் தெரியவில்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த வழி ஹாரிசனுக்கும் பாக்மனுக்கும் திறந்தது, அவர்களிடம் கொடுக்க இன்னொரு கிட்டார் இருந்ததால். மேலும், இந்தப் பரிமாற்றங்கள் நடந்தபோது அந்தக் கிட்டார்களின் விலை இன்னும் மனிதக் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. ஏலக்கூடங்கள் அந்த உயரத்தைத் தாண்டிவிட்டன.

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய கிப்சன் ஜே-160ஈ கிட்டார் இதற்குச் சாட்சி. 1962 செப்டம்பரில் லிவர்பூல் கடையில் லெனனும் ஹாரிசனும் ஆளுக்கொன்றாக வாங்கிய இரட்டையரில் ஒன்று அது. விலை 161 பவுண்டு. 1963 டிசம்பரில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் பீட்டில்ஸ் நடத்திய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளின்போது அது காணாமல்போனது. 1960-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஒருவர் 175 டாலருக்குப் பழைய கிட்டாராக அதை வாங்கினார். பல பத்தாண்டுகள் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். ஹாரிசனின் கிட்டாரைப் பற்றிய படங்களைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. தொடர் எண்ணும் மரத்தின் வரிகளும் பழைய படங்களோடு பொருந்தின. 2015 நவம்பரில் ஏலத்தில் 24.1 லட்சம் டாலருக்குப் போனது. தொகையில் பாதி யோகோ ஓனோவின் அறக்கட்டளைக்குச் சென்றது.

வாங்கியவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. பாதித் தொகை நல்ல காரியத்துக்குப் போனதும் நியாயமே. என்றாலும், லெனன் அதை இழந்தார் என்பது ஏலப் பட்டியலில் விலையை உயர்த்தும் ஒரு வரியாக மாறியபோது ஏதோ ஒன்று முறிந்துவிட்டது. திருட்டு என்பது வாத்தியத்தின் வாழ்க்கையில் நேர்ந்த துயரம். அதைச் சுவையான முன்கதையாக்கி விற்கும் சந்தையில், பரணில் இருப்பதைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவருக்கு மனம் தடுமாறாமல் எப்படி இருக்கும்? கோடிகளைக் காட்டும் ஒவ்வொரு தலைப்புச் செய்தியும் இன்னொரு பரணின் கதவை இறுகச் சாத்துகிறது.

பணத்தின் பக்கம் இப்படி என்றால், பெரிய நிறுவனங்களின் பக்கம் வேறொரு குறை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 500-க்கும் மேற்பட்ட கிட்டார்கள் நன்கொடையாக வருவதாக 2025 மே மாதம் அறிவிப்பு வந்தது. அவற்றில் ஒன்று, 1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபோது கீத் ரிச்சர்ட்ஸ் கையில் இருந்த 1959-ம் ஆண்டு லெஸ் பால். அந்தக் குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் தரப்பு, அது பின்னர் டெய்லருடையதாக ஆனது என்றும், 1971-ல் தென் பிரான்சில் ரிச்சர்ட்ஸ் தங்கியிருந்த நெல்கோட் மாளிகையிலிருந்து திருடப்பட்டது என்றும் சொல்கிறது. அந்த மாளிகையில் அந்த ஆண்டு பல கிட்டார்கள் திருடுபோனது உண்மை. அருங்காட்சியகமோ, கிட்டார் டெய்லருக்குச் சொந்தமாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்கிறது. 1971 வரை ரிச்சர்ட்ஸிடம் இருந்ததாகவும் அதன்பின் கைமாறியதாகவும் அதன் பதிவு காட்டுகிறது.

எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால், தீர்ப்புச் சொல்வதற்கான வழி நமக்குப் பழக்கமானதுதான். இதே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், சுபாஷ் கபூர் என்ற கடத்தல் வணிகரோடு தொடர்புடைய 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2023-ல் அறிவித்தது. அதே கபூர் வழியாக அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடத்துக்குப் போய், 2014-ல் திரும்பியதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அந்த நடராஜரை அடையாளம் காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படத் தொகுப்பு. எப்போதோ யாரோ பொறுமையாக எடுத்து எண்ணிட்டு வைத்த படம், வெண்கலத்தின் தழும்பையும் திருவாசியின் குறையையும் காட்டிக்கொடுத்தது. பாக்மனின் கிட்டாரில் கருங்கணு செய்ததும் அதே வேலை. சிலைகளுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிவிட்ட அருங்காட்சியகங்கள், வாத்தியங்களுக்கும் கேட்டாக வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு, என்ன ஆவணத்தோடு வந்தது என்பதைக் கண்காட்சிக்கு முன்னால் முழுதாக வெளியிடுவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

கிட்டாரின் அடையாளத்தை மறைப்பது அவ்வளவு கடினமில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொடர் எண்ணைச் சுரண்டலாம். வண்ணம் மாற்றலாம். இந்தக் கலையில் கிட்டாருக்கு முன்னோடி வயலின். 1936-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் ப்ரோனிஸ்லாவ் ஹூபர்மன் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய இன்னொரு வயலினான 1713-ம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி ஒப்பனை அறையிலிருந்து திருடுபோனது. அதை வைத்திருந்தவர் ஜூலியன் ஆல்ட்மன் என்ற வயலின் கலைஞர். மேலே ஷூ பாலிஷ் பூசி, மரத்தின் பொன்னிறத்தை மறைத்து, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அதிலேயே வாசித்துப் பிழைத்தார். 1985-ல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். ஹூபர்மன் அதற்கு வெகு முன்பே, 1947-ல் இறந்துபோயிருந்தார். இன்று வயலின் கலைஞர் ஜாஷுவா பெல் கச்சேரிகளில் வாசிப்பது அந்த வயலினைத்தான்.

கிட்டார் கலைஞர் பீட்டர் ஃபிராம்ப்டனின் கதையில் திருடன் யார் என்றுகூடச் சொல்வதற்கில்லை. 1980 நவம்பரில் வெனிசுவேலாவின் கராகஸ் நகரிலிருந்து அவருடைய வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சரக்கு விமானம் விழுந்து எரிந்தது. உயிர்கள் போயின, கிட்டாரைப் பற்றி யோசிக்கும் நேரமில்லை அது. ‘ஃபிராம்ப்டன் கம்ஸ் அலைவ்’ ஆல்பத்தின் அட்டையில் அவர் கையில் இருக்கும் கறுப்பு லெஸ் பாலும் சாம்பலாகிவிட்டது என்றே முப்பது ஆண்டுகள் நினைத்திருந்தார். அதுவோ இடிபாடுகளிலிருந்து யார் கையிலோ தப்பி, கரீபியன் தீவான குராசாவில் ஒரு உள்ளூர்க் கலைஞரிடம் சேர்ந்து, அங்கே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்த இடத்தில், தந்திகளின் ஒலியைப் பிடிக்கும் ‘பிக்கப்’ மூன்று இருப்பதைப் பார்த்து ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். தீவின் சுற்றுலா வாரியமும் உதவ, 2011 டிசம்பரில் கிட்டார் ஃபிராம்ப்டன் கைக்கு வந்தது. வாசிப்பதற்கு ஏற்றபடி சீர்செய்தார். தீ பட்ட தழும்புகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

இந்தக் கதைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. அது வருத்தம் தருவது. கண்டுபிடிக்கப்பட்ட எல்லாமே கோடிக் கண்கள் பார்த்த கிட்டார்கள். ஆல்பம் அட்டை இருந்தது, தொலைக்காட்சிப் பதிவு இருந்தது, தேடுவதற்கு ரசிகர் கூட்டம் இருந்தது. வார இறுதியில் கல்யாண வரவேற்பிலும் தேவாலயத்திலும் விடுதியிலும் வாசித்துக் குடும்பம் நடத்தும் கலைஞரின் கிட்டார் வேனிலிருந்து போனால், அதன் கணுவை யார் தேடப்போகிறார்கள்? அவரிடம் அதன் தெளிவான புகைப்படம் ஒன்றுகூட இருக்காது. காவல் நிலையத்தில் ‘கறுப்பு நிறக் கிட்டார் ஒன்று’ என்று எழுதிக்கொள்வதோடு சரி. அது மறுவாரமே இணையச் சந்தையில் விற்பனைக்கு வந்தாலும் யாருக்கும் தெரியாது.

அதனால் புகழ்பெற்றவர்களின் கிட்டார்களுக்காகக் கேட்பதைச் சாதாரணக் கலைஞர்களுக்காகவும் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடகுக்கடைகளும் பழம்பொருள் கடைகளும் வாங்கிய பொருளைச் சில நாட்கள் விற்காமல் வைத்திருந்து காவல்துறைக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. இணையச் சந்தைகளும் ஏலக்கூடங்களும் அதே பொறுப்பை ஏற்க வேண்டும்: முன்பக்கம், பின்பக்கம், தொடர் எண் மூன்றின் படமும் இல்லாமல் எந்தப் பழைய கிட்டாரும் விற்பனைக்கு வரக் கூடாது. விற்ற பிறகும் அந்தப் படங்களை அழிக்கக் கூடாது; டோக்கியோ கடையின் பழைய படம் இணையத்தில் மிஞ்சியிருந்ததால்தான் பாக்மனுக்கு விடிவு கிடைத்தது. கலைஞர்களும் தங்கள் வாத்தியத்தை இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்; அதற்குச் செலவில்லை.

இதைவிட முக்கியமானது, திருப்பிக் கொடுக்க வருபவரை எப்படி நடத்துகிறோம் என்பது. தாத்தா வாங்கி வைத்ததை, அப்பா விட்டுப்போனதை, என்னவென்றே தெரியாமல் வைத்திருப்பவர் அநேகர். தகவல் சொன்னால் போலீஸ் வருமோ, குடும்பப் பெயர் கெடுமோ என்ற அச்சம் அவர்களை ஊமையாக்குகிறது. ஹேஸ்டிங்ஸ் குடும்பத்துக்கு ஒரு தேடல் குழு இருந்தது. திருடியவரைத் துரத்தவில்லை, கிட்டாரைத்தான் தேடுகிறோம் என்று தேடியவர்கள் சொன்னதால் அந்தக் கதவு திறந்தது. இசைக்கலைஞர் சங்கங்களும் கிட்டார் தயாரிப்பு நிறுவனங்களும் சேர்ந்து இதை நிரந்தர ஏற்பாடாக்கலாம். பெயர் வெளியிடாமல் தகவல் தரலாம். நேர்மையாக வாங்கியவருக்கு அவர் கொடுத்த விலையோ ஈடான கிட்டாரோ கிடைக்கும். திருடியவருக்கு மட்டும் எந்தப் பங்கும் கிடையாது. திருட்டுக்குப் பரிசு கொடுப்பதாகாதா என்று கேட்பார்கள். திருடிய கைக்கும் பிறகு வாங்கிய கைக்கும் இடையில் நாற்பது ஆண்டும் நான்கு கடைகளும் இருக்கும்போது, கடைசியில் வைத்திருப்பவரைத் திருடனாக நடத்துவதுதான் கிட்டாரை மறுபடி இருட்டுக்குள் அனுப்புகிறது.

காலம் இதில் எதிரி. போலந்தில் பிறந்த வயலின் கலைஞர் ரோமன் டோட்டன்பெர்க்கின் ஸ்ட்ராடிவாரி 1980-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் திருடுபோய், 2015-ல் கிடைத்தது. அவர் 101 வயதுவரை வாழ்ந்து, 2012-ல் இறந்தார். மூன்று ஆண்டு வித்தியாசம். மகள்கள்தாம் வாங்கிக்கொண்டார்கள். கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் கறுப்பு லெஸ் பால் 1970-ல் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் போய், 45 ஆண்டுகளுக்குப் பின் அவர் உயிரோடிருக்கும்போதே திரும்பியது. அது அவருடைய நல்வாய்ப்பு.

இன்னும் திரும்பாத ஒன்று இருக்கிறது. 1966-ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் இளம் கிளாப்டன் வாசித்த சன்பர்ஸ்ட் லெஸ் பால். அந்த ஒலியைக் கேட்டுத்தான், விற்பனை குறைந்து நின்றுபோயிருந்த லெஸ் பாலைத் தேடி ஒரு தலைமுறையே ஓடியது. 1968-ல் கிப்சன் அதை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. ஆல்பம் வெளியான ஆண்டிலேயே, க்ரீம் குழுவின் ஒத்திகைக் காலத்தில் லண்டனில் அது திருடுபோனது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு சேகரிப்பில் அது இருப்பதாகக் கிட்டார் கலைஞர் ஜோ போனமாசா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யாரும் அதை வெளியே காட்டியதில்லை. நண்பனுக்கு லூசியைப் பரிசளித்த கிளாப்டனுக்கு 2025 மார்ச்சில் 80 வயது நிறைந்தது. அவர் இன்னும் வாசிக்கிறார். அந்தக் கிட்டார் யாரிடம் இருந்தாலும், அதை அவர் கையில் ஒரு மாலை நேரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும்.